உன் நாடகத்தில் ஒருவரும் விலாசம் சொல்வதில்லை

தினம் மாலையில் தொலைக்காட்சியில் 'கதை, வசனம்' என்று பெயர் ஓடும்போது என்னை நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கவைக்கும் என் அக்காள் மகளுக்கு, உன் ஒரே தாய்மாமன் எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளையும் தலைவலி காய்ச்சல் என்று படுக்காமல் இருக்க வேண்டும். இங்கே நலம். இந்த 'நலம்' என்ற சொல்லை எத்தனையோ கடிதங்களில் யோசிக்காமல் எழுதித் தள்ளியிருக்கிறேன். இந்தத் தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் உன் அத்தைக்கு மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்: நலம். "என்ன, மூக்குக்கிட்ட வந்து நிக்கிறீங்க? போய் எழுதுங்க" என்கிறாள். பரிபூரண நலம்.

நடந்ததை உன் அம்மா போனில் சொல்லியிருப்பாள். ஆனால் என் அக்கா எதையும் சுருக்கிச் சொல்கிற பழக்கம் உள்ளவள். என் வீரத்தைப் பற்றி வரும் இடத்தில் இன்னும் சுருக்குவாள். ஆகையால் நானே விவரமாக எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன், சோபா செய்து பிழைக்கிறவன் என்றாலும், உன் ஆம்புலன்ஸ் நாடகத்தை ஒரு நாள் விடாமல் பார்த்ததில் முக்கால் டாக்டர் ஆகிவிட்டவன் என்பது உனக்குத் தெரியும். கடைக்கு வருகிறவர்களிடம் அந்த நாடகத்தில் பாதி யோசனை என்னுடையது என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ மறுக்காமல் இருந்தால் போதும்.

அன்று மாலை உன் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. இடிந்த சுவருக்கடியில் ஒரு ஆள் சிக்கிக் கிடக்கிறானே, உன் கதாநாயகன் அந்தத் தாடிக்காரன் "நான் இருக்கேன், பயப்படாதே" என்று கத்திக்கொண்டே ஓடி வருகிறானே, அந்தக் கட்டம். உன் அத்தை சோபாவில் சாய்ந்தாள். நான், அழுகிறாள் என்று நினைத்தேன். உன் வசனத்துக்கு அவள் சாய்ந்து அழுவது வழக்கம்தான். "அழாதேடி, எப்படியும் எடுத்துடுவான்" என்றேன். என் பேச்சுக்கு அவள் எதிர்ப்பேச்சு பேசாமல் இருந்தது கல்யாணம் ஆனதிலிருந்து அதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்த்தால் முகம் சாம்பல் நிறம். தொண்டையில் கொர்ரென்று ஒரு சத்தம். அதே நேரம் வாசல்பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம்! ஆகா, கூப்பிடுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டார்களே என்று மாடி முகப்புக்கு ஓடிப் பார்க்கிறேன், தெரு காலி. சத்தம் உன் நாடகத்திலிருந்து வருகிறது.

போனை எடுத்தேன். இந்த இடத்தில்தான் நீ காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். உன் நாடகத்தில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே கூப்பிட்டேன். "சீக்கிரம் வாங்க! ஒரு உயிர் ஊசலாடுது! ஒவ்வொரு நொடியும் முக்கியம்!" என்று முழங்கிவிட்டு, பொட்டென்று போனை வைத்துவிட்டேன். குரல் நன்றாக ஏறி இறங்கி வந்தது, பொய் சொல்லக் கூடாது. வைத்த கையோடு போன் திரும்ப அடித்தது. எடுத்தால் ஒரு பெண் குரல், நிதானமாக, கடையில் துணி விலை கேட்கிற மாதிரி: "ஐயா, வர்றோம். எங்கே வரணும்?"

மருமகளே, உன் நாடகத்தில் ஒருவராவது விலாசம் சொல்லிக் கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. மலையுச்சி, பாழடைந்த ஆலை, நடுக்கடல், எங்கிருந்து கூப்பிட்டாலும் ஒரே ஒரு வசனம், அடுத்த காட்சியில் தாடிக்காரன் வாசலில் நிற்கிறான். நானும் அப்படித்தான் நடக்கும் என்று இருந்துவிட்டேன். விலாசம் சொன்னேன். நாக்கு குழறி முதலில் கடை விலாசத்தைச் சொல்லி, பிறகு வீட்டைச் சொன்னேன்.

"எந்த மாடி?"

"மேல் மாடி."

"சரி, வண்டி கிளம்பிடுச்சு. நீங்க போனை வைக்காதீங்க, சத்தமா பேசற மாதிரி போட்டு, பக்கத்துல வச்சுக்குங்க. அவங்க மூச்சு விடறாங்களா?"

"விடறாம்மா, கொர் கொர்ருனு விடறா."

"அது மூச்சு இல்லைங்கய்யா. அவங்களைத் தரையில மல்லாக்கப் படுக்க வைங்க. நெஞ்சு நடுவுல ஒரு கை, அது மேல இன்னொரு கை. முழங்கையை மடக்காம, உங்க முழு பாரத்தையும் போட்டு அழுத்துங்க. நான் எண்ணறேன், நீங்களும் கூட எண்ணுங்க."

அழுத்தினேன். தாடிக்காரன் அழுத்துவதைப் பார்த்திருக்கிறேனே, மாவு பிசைகிற மாதிரி, முழங்கையை மடக்கி, முகத்தை மட்டும் நம் பக்கம் திருப்பிக்கொண்டு! அதெல்லாம் சும்மா. இது ஸ்பிரிங் அழுத்துகிற வேலை. கெட்டியான மெத்தைக்குள் ஸ்பிரிங்கை அமுக்கி அமுக்கிப் பழகிய கை என் கை என்பதால் தப்பித்தேன். கொஞ்ச நேரத்தில் கைக்குக் கீழே மளுக்கென்றது. "ஐயோ, எலும்பு உடைஞ்சுடுச்சும்மா!" என்று கத்தினேன். "பரவாயில்லைங்கய்யா, எலும்பு கூடிடும். நிறுத்தாதீங்க. ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு…" அவள் குரலில் ஒரு அவசரம் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தை நான் இன்று வரை பார்த்ததில்லை. உன் நாடகத்தில் அவளுக்கு ஒரு நாற்காலிகூட நீ போடவில்லை. அதைக் கவனி.

என் சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுத் தையல்காரரும் அவர் மனைவியும் ஓடி வந்தார்கள். நான் அழுத்திக்கொண்டே கட்டளையிட்டேன். "அந்தச் சோபாவை வெளியே தள்ளுங்கய்யா! அஞ்சாறு பேர் ஓடி வருவாங்க, இடம் வேணும்!" உன் நாடகத்தில் எப்போதும் பெரிய கூடம், நடுவில் நோயாளி, சுற்றி வட்டமாக ஆட்கள், அதனால் சொன்னேன். அவர்களும் பாவம், நான் முக்கால் டாக்டர் என்று நம்பி, நூறு பேர் சேர்ந்தாலும் அசையாத சோபாவை (உன் அத்தை எட்டிப் பார்த்து "நாலு பேர்" என்கிறாள், சரி, நாலு பேர்) எப்படியோ வாசலுக்குத் தள்ளி, அங்கிருந்து படிக்கட்டுக்குத் தள்ளினார்கள். படி திரும்புகிற இடத்தில் அது ஆப்பு மாதிரி இறுகிக்கொண்டது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. அப்போதுதான் அவர்கள் வந்தார்கள்.

அஞ்சாறு பேர் இல்லை. இரண்டே பேர். ஒல்லியாக ஒரு அம்மாள், மலை மாதிரி ஒரு டிரைவர். ஓடி வரவில்லை மருமகளே, நடந்து வந்தார்கள்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பிறகு மலை என்னிடம் சொன்னார்: "ஓடினா மூச்சு வாங்கும். மூச்சு வாங்குற கையால ஊசி போட முடியுமாய்யா? படியில தடுக்கி விழுந்தா எங்களைத் தூக்க இன்னொரு வண்டி வரணும்." நியாயம்தான். அந்த அம்மாள் சோபாவை ஒரு பார்வை பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. பையை முதலில் சோபாவுக்கு மேலே வீசினார், பிறகு கைப்பிடியில் ஒரு கால், சாய்மானத்தில் ஒரு கால், இந்தப் பக்கம் குதித்துவிட்டார். என் பக்கத்தில் வந்து மண்டியிட்டார். "ஐயா, நான் வந்துட்டேன். நல்லா செய்றீங்க. நான் சொல்றப்ப மட்டும் நிறுத்துங்க, அது வரைக்கும் விடாதீங்க" என்றார். 'நல்லா செய்றீங்க' என்று என்னை ஒருவர் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று தெரியுமா? அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

கத்தரிக்கோலை எடுத்து உன் அத்தையின் புது மேல்சட்டையைச் சரக்கென்று இரண்டாக வெட்டினார். தையல்காரர் "ஐயய்யோ, நான் தச்சது!" என்றார். ஒரு சின்னப் பெட்டியிலிருந்து வயரோடு வந்த இரண்டு ஒட்டுகளை நெஞ்சில் ஒட்டினார். மலையும் சோபாவைத் தாண்டி வந்து சேர்ந்தவர், முதலில் சொன்னது என்ன தெரியுமா? "யாராவது அந்த டிவியை நிறுத்துங்களேன்." அங்கே உன் தாடிக்காரன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். தையல்காரர் மனைவி நிறுத்தினார். வீடு முழுக்க ஒரே அமைதி. உன் நாடகத்தில் இந்த மாதிரி நேரத்தில் வாத்தியம் வாத்தியமாக வாசிப்பார்களே, அந்த மாதிரி ஒன்றுகூட இல்லை. அந்தச் சின்னப் பெட்டி மட்டும் பேசியது, எல்லாரும் விலகி நிற்கும்படி. ஒரு மின் அதிர்ச்சி கொடுத்தது. உன் நாடகத்தில் ஆள் ஒரு முழம் எழும்புவான். உன் அத்தைக்குத் தோள் மட்டும் இலேசாகத் துள்ளியது. கண்ணைத் திறப்பாள், "நான் எங்கே இருக்கேன்?" என்பாள் என்று காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. மலை உடனே அழுத்த ஆரம்பித்தார். உன் நாடகத்தில் இரண்டாம் தடவை கிடையாதே! இரண்டாம் தடவையும் கொடுத்தார்கள். மறுபடி மலை அழுத்தினார். பிறகு அவரை நிறுத்தச் சொல்லி அந்த அம்மாள் உன் அத்தையின் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார். மலையைப் பார்த்து மெதுவாக ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"இருக்கு."

நீ பெரிய எழுத்துக்காரி. பக்கம் பக்கமாக வசனம் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வார்த்தையை நீ கேட்டிருக்க வேண்டும்.

பிறகு சோபா பிரச்சினை. சக்கர நாற்காலி மாதிரி ஒன்றில் உன் அத்தையைக் கட்டி வைத்தாயிற்று, இறக்க வழியில்லை. மலை சோபாவை ஒரு உலுக்கு உலுக்கினார். "யாருங்க இதைச் செஞ்சது?"

"நான்தான்!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"நல்லா செஞ்சிருக்கீங்கய்யா. ரொம்ப ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க. அசைய மாட்டேங்குது பாருங்க."

கைப்பிடியின் அடியில் துணிக்குள் மறைத்து நான் வைத்த திருகாணி எனக்கு மட்டும்தான் தெரியும். துணியைப் பல்லால் கிழித்தேன். (உன் அத்தை, "பல்லாலயா? நடு ரெண்டு பல்லும் கழட்டி வைக்கிற பல்லாச்சே!" என்கிறாள். தையல்காரர் கத்தரிக்கோல் கொடுத்தார், போதுமா?) கைப்பிடியைக் கழற்றினேன், சோபாவை நிமிர்த்திச் சுவரோடு சாத்தினோம், உன் அத்தை இறங்கினாள்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு உருக்கமாகப் பேசலாம் என்று போனால், என்னை முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்து வார்ப்பட்டையைப் போட்டுவிட்டார்கள். "வேகமா போங்கய்யா!" என்றேன். "பின்னாடி அவங்க நின்னுக்கிட்டு வேலை செய்றாங்க. நான் வளைச்சு வளைச்சு ஓட்டினா அவங்க விழுவாங்க, அப்புறம் அம்மாவை யார் பாக்கறது?" என்றார் மலை. தயிர்ப் பானையைக் கொண்டுபோகிற மாதிரி ஓட்டினார். வழியெல்லாம் என்னிடம் சோபாவைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார். எந்த மரம், எந்தப் பஞ்சு, பழசை எடுத்துக்கொள்வீர்களா என்று. இந்த நேரத்தில் என்ன கேள்வி என்று எரிச்சலோடு பதில் சொன்னேன். நான் பின்னால் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் கேட்டார் என்று மறுநாள்தான் உறைத்தது.

ஆஸ்பத்திரியில் உன் அத்தையை உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். கட்டிப்பிடித்து அழுகிற காட்சிக்கு நான் தயாராக நின்றேன். அவர்கள் ஸ்ட்ரெச்சரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் நின்றபடியே ஒரு பிஸ்கட்டைத் தின்றார். மலை என் காலைப் பார்த்தார். நான் வெறுங்காலோடு வந்திருக்கிறேன், எனக்கே தெரியாது. வண்டியிலிருந்து தன்னுடைய பழைய ரப்பர் செருப்பை எடுத்து என் முன்னால் போட்டார். "தரை சில்லுனு இருக்குங்கய்யா. போட்டுக்குங்க. அப்புறமா குடுக்கலாம்." என் கால் இரண்டும் ஒரே செருப்புக்குள் போய்விடும், அவ்வளவு பெரியது. அதைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் படக் படக்கென்று நடந்தபோதுதான் அழுதேன். இதை உன் அம்மாவிடம் சொல்லாதே.

உன் அத்தை கண் விழிக்கச் சில நாள் ஆயிற்று. விழித்ததும் கேட்டது என்னைப் பற்றி இல்லை. "சுவருக்கடியில இருந்த ஆளை எடுத்தாங்களா?" என்றாள். "எடுத்தாச்சு" என்றேன். கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டு மறுபடி கேட்டாள். இப்படிச் சில நாள் மறதி இருக்கும், தேறிவிடும் என்றார் டாக்டர். கேட்கக் கேட்க நானும் எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை யானையை வைத்து எடுத்தேன், ஒரு தடவை நானே போய் எடுத்தேன். "நீங்களா?" என்று அவள் முகத்தைச் சுளித்த அன்றுதான் மூளை பழையபடி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டேன். இப்போது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. விழுந்தவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிவியைக்கூட நிறுத்தாமல் இருந்தேன் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அது முக்கியமாக ஞாபகம் இருக்கிறது. நல்லா அழுத்தினால் எலும்பு உடைவது உண்டு என்று டாக்டர் சொன்னதை நான் கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொன்னேன். அதற்கும் பேச்சு: "பொண்டாட்டி எலும்பை உடைச்சேன்னு ஊர் பூரா பெருமையடிச்சுக்கிட்டுத் திரியிற ஒரே ஆள் நீங்கதான்." சிரித்தால் விலா வலிக்கிறதாம், அதற்கும் என்னைத்தான் திட்டுகிறாள். திட்டட்டும். கேட்கக் கேட்கக் காதுக்கு நன்றாக இருக்கிறது. தையல்காரர் அந்த வெட்டின மேல்சட்டையை எடுத்துப்போய், வெட்டு இருந்த இடமே தெரியாமல் தைத்துக் கொடுத்துவிட்டார். அவரோடு தண்ணீர்த் தொட்டி விஷயமாக எனக்கு இருந்த சண்டையை நான் முடித்துக்கொண்டேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், உன் அத்தை செத்துப் பிழைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்கு வந்து, எழுந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். உன் ஆள் இன்னும் அந்தச் சுவருக்கடியிலேயே கிடக்கிறான்! தாடிக்காரன் இன்னும் ஓடி வந்துகொண்டே இருக்கிறான்! ஆகையால், இந்தக் கடிதம் கண்டதும் உன் நாடகத்தை அடியோடு மாற்ற வேண்டியது. ஒருவரும் ஓடக் கூடாது. கத்தக் கூடாது. முழங்கையை மடக்கக் கூடாது. ஆள் எழும்பக் கூடாது. போன் எடுக்கிற பெண்ணுக்கு நல்ல நாற்காலி போட வேண்டும். வாத்தியத்தை வெளியே அனுப்பிவிட்டு 'இருக்கு' என்ற ஒரே வசனத்தை வைக்க வேண்டும். தாடியை எடுத்துவிட்டு மலை மாதிரி ஒரு ஆளைப் போட்டு, பெரிய செருப்பு ஒன்றையும் காட்ட வேண்டும். முடிந்தால் நல்ல உறுதியான சோபா ஒன்றும். உன் வீட்டுக்காரருக்கு என் அன்பைச் சொல். பிள்ளையின் கன்னத்தை என் சார்பில் ஒருமுறை கிள்ளு. நீங்கள் எல்லாரும் திட்டுவதற்கும் திட்டு வாங்குவதற்கும் ஆளோடு நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று உன் அத்தையும் நானும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உயிர் காத்தவனும் சோபா செய்பவனுமான உன் மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் செருப்பைத் திருப்பிக் கொடுக்க அவர்களுடைய ஆம்புலன்ஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வீட்டுக்கு ஒருநாள் டீ குடிக்க வரத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். நேற்று வேலை முடிந்து இரண்டு பேரும் வந்தார்கள், அதே சோபாவில் உட்கார்ந்தார்கள், உன் நாடகம் ஆரம்பித்தது. தாடிக்காரன் ஒருவழியாக வந்து சேர்ந்து, ஆளை வெளியே இழுத்து, முழங்கையை மடக்கி அழுத்தினான். ஆள் ஒரு முழம் எழும்பினான். "பாத்தீங்களா, எவ்வளவு தப்பு!" என்று நான் ஆரம்பித்தேன். "உஷ், சும்மா இருங்கய்யா!" என்றார் அந்த அம்மாள், கையில் பிஸ்கட்டைப் பிடித்தபடி, தின்னாமல். ஆள் கண்ணைத் திறந்தான். மலை விசில் அடித்தார்! "நீங்களே இதைப் பாக்கறீங்களா? எல்லாம் பொய்யாச்சே?" என்றேன்.

"பொய்தாங்கய்யா. ஸ்டேஷன்ல எல்லாரும் சேர்ந்து தினம் பாப்போம். இதுல ஒருத்தர் விடாம எழுந்துக்கறாங்க இல்ல? எங்க கையில அப்படி இல்லைங்க. முக்கால்வாசிப் பேர் எழுந்திருக்கறதில்ல. நாங்க நெஞ்சை அழுத்தின ஒருத்தர் எங்களுக்கு டீ போட்டுக் குடுக்கறது இதுதான் முதல் தடவை" என்று சொல்லிவிட்டு மலை உன் அத்தையைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "முக்கால்வாசிப் பேர் எழுந்திருக்க மாட்டாங்கன்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, எலும்பு உடைஞ்சதுக்கு அப்புறமும் அழுத்தியிருப்பீங்களா?"

நான் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். உன் அத்தைதான் சொன்னாள்: "இவரு டிவியில சொன்னா எதையும் நம்பிடுவாருங்க. அதனாலதான் நான் இருக்கேன்."

ஆகையால் மருமகளே, ஒன்றையும் மாற்றாதே. ஓடட்டும், கத்தட்டும், இரண்டு முழம்கூட எழும்பட்டும். ஒருவரையும் சாகவிடாதே. விலாசம் மட்டும் சொல்ல வை. எந்த மாடி என்பதையும். படிக்கட்டில் சோபா இருந்தால் அதையும்.